ஸ்பெயினில் ஒரு குடும்பத்தோடு இரண்டு மாதம்: மகளை அனுப்பலாமா?

சிப்புட்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரர்கள். வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் கிராணி, நான் டவுனில் துணி தைத்துக் கொடுக்கிறேன். மூத்தவள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. வெளிநாட்டு மொழி ஒன்று எடுக்க வேண்டும் என்று ஸ்பானியம் எடுத்தாள், இப்போது பாடமே அதுதான் என்பது போல ராவும் பகலும் அதையே படிக்கிறாள். வரும் நீண்ட விடுமுறையில், ஜூலையும் ஆகஸ்டும், ஸ்பெயினில் சலமாங்கா என்கிற ஊரில் ஒரு மொழிப்பள்ளியில் சேர்ந்து, அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கப்போகிறாளாம். பகுதிநேர வேலை பார்த்துப் பாதிப் பணம் சேர்த்துவிட்டாள். மீதியை நாங்கள் போட வேண்டும்.

பணத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். என் மாமியார்தான் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார். "ஊர் பேர் தெரியாத வீட்டில் வயசுப்பிள்ளையை விட்டுவிட்டு இங்கே எனக்குச் சோறு இறங்குமா?" என்று கேட்கிறார். அவர் சொல்வதையும் ஒதுக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடமாட்டோம். மகள் இதுவரை விடுதியைத் தவிர வேறு எங்கும் தங்கியதில்லை. அடுத்தவர் வீட்டில் எப்படி நடந்துகொள்வது, என்ன கொண்டுபோவது, எந்த வேலையைத் தானாகச் செய்வது என்று சொல்லிக்கொடுக்க எனக்கே தெரியவில்லை. ஸ்பெயினில் அப்படி இருந்துவிட்டு வந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

கிந்தா_வாசி எழுதியது:

வணக்கம் அக்கா. வீட்டு விவகாரத்தைப் போய் வந்தவர்கள் சொல்லட்டும், நான் கடப்பிதழ் சங்கதியை மட்டும் சொல்கிறேன்.

மலேசியக் கடப்பிதழுக்கு ஸ்பெயின் போக விசா தேவையில்லை. ஆனால் எந்த 180 நாள் கணக்கில் எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த 90 நாள் ஸ்பெயினுக்கு மட்டும் அல்ல, பிரான்ஸ், இத்தாலி என்று ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. இரண்டு மாதப் படிப்பு இதற்குள் அடங்கிவிடும். திரும்பும் தேதிக்கு அப்புறமும் குறைந்தது 3 மாதம் கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும், இப்போதே எடுத்துப் பாருங்கள். 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லையில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையும் படமும் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். வரிசை நீளலாம், அடுத்த விமானத்துக்கு இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள்.

பள்ளியின் சேர்க்கைக் கடிதம், தங்கப்போகும் வீட்டு முகவரி உள்ள தாள், திரும்பும் டிக்கெட், மருத்துவக் காப்புறுதி எல்லாம் காகிதமாகவே கையில் இருக்கட்டும். கைப்பேசியில் வைத்திருந்து, பேட்டரி போய்விட்டால் அவசரத்துக்கு உதவாது.

இன்னொன்று. "பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் தங்குவதும் சாப்பாடும் இலவசம்" என்று இணையத்தில் நிறைய அழைப்பு வரும். அது வேலைக் கணக்கு. விசா இல்லாமல் சுற்றுலாப் பயணியாகப் போய் அதைச் செய்யக் கூடாது. காசு கட்டிப் படிக்கப் போவதும் இதுவும் வேறு வேறு என்று மகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

தோட்டத்துப்பேத்தி எழுதியது:

அக்கா, நானும் சுங்கை சிப்புட் பிள்ளைதான். லயத்து வீட்டில் வளர்ந்து, மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவள். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். பட்டப்படிப்பு முடிந்த கையோடு ஒரு கோடை முழுக்கச் சலமாங்காவில் ஒரு குடும்பத்தோடு இருந்தேன். உங்கள் மகள் போகும் ஊரும் அதுவாகவே இருப்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாப்பாடு. மற்றதெல்லாம் அங்கே போன பிறகு பழகிவிடும். இது மட்டும் புறப்படுவதற்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டியது.

சலமாங்கா பன்றி இறைச்சிக்குப் பேர்போன சீமை. பக்கத்தில் கிஹுவேலோ என்று ஒரு ஊர், உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடைக்கு நாடு முழுக்கப் பெயர் பெற்றது. ஹமோன் என்பார்கள். கடைகளில் முழுத் தொடையாகவே கூரையிலிருந்து தொங்கும். வீட்டு அடுக்களையிலும் ஒன்று மரச்சட்டத்தில் நிற்கும். உங்கள் மகள் பன்றி சாப்பிடுவாளா தெரியாது, மாடு கூடாது என்றீர்கள். கோழி, மீன் இருப்பதால் மற்ற நாளில் கஷ்டம் இல்லை. உருண்டைக் கறியில் மட்டும் கவனம் வேண்டும், அதில் மாட்டையும் பன்றியையும் சேர்த்து அரைத்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமைதான் விஷயம். "சைவம்" என்று படிவத்தில் ஒரு வார்த்தை எழுதினால் அங்கே போதாது. பலருக்கு மீன் அசைவக் கணக்கிலேயே வராது, சாலட் கேட்டால் மேலே டின் சூரைமீனைப் போட்டுத் தருவார்கள். "வெள்ளிக்கிழமை இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம், இறைச்சி வேகவைத்த தண்ணீரும் வேண்டாம், இது எங்கள் கோயில் வழக்கம்" என்று முழு வாக்கியமாகப் பள்ளிக்கு எழுதச் சொல்லுங்கள். வழக்கம் என்று காரணத்தையும் எழுதினால் மதிப்பார்கள். பிள்ளை அடம் பிடிக்கிறாள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த ஊர்ப் பருப்பு அவ்வளவு நன்றாக இருக்கும். லா ஆர்முனியா என்பது சலமாங்காவுக்கு வடக்கே உள்ள வயல்வெளி, அங்கே விளையும் மைசூர்ப்பருப்பு வகைக்கு ஐரோப்பிய அளவில் பாதுகாக்கப்பட்ட பெயர் உண்டு. தோலோடு வெந்தாலும் உடையாது, வாயில் வைத்தால் வெண்ணெய். ஆனால் வேகும்போதே சொரிசோ என்கிற சிவப்புப் பன்றித் தொத்திறைச்சியைப் போட்டுவிடுவார்கள். பரிமாறும்போது துண்டை எடுத்துவிட்டால் என்ன ஆகிவிடப்போகிறது, கொழுப்பெல்லாம் சாற்றில் இறங்கியிருக்கும். எங்கள் வீட்டம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், வெள்ளிக்கிழமை எனக்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தில் பூண்டும் பிரிஞ்சி இலையும் கேரட்டும் போட்டுத் தனியாக வைப்பார். கொஞ்ச நாளில் அவர் கணவரும் அந்தப் பாத்திரத்திலிருந்தே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். கூடவே கத்தரிக்காய், குடைமிளகாய், தக்காளி வதக்கிய பிஸ்தோ, குளிர்ந்த தக்காளிச் சாறான கஸ்பாச்சோ, ரொட்டி. பட்டினி கிடக்க மாட்டாள், கவலை வேண்டாம். ஒன்று, கஸ்பாச்சோ மாதிரியே கெட்டியாக சல்மொரேஹோ என்று இன்னொன்று வரும், அதன் மேல் முட்டையும் ஹமோனும் தூவியிருக்கும்.

சாப்பாட்டு நேரம்தான் முதல் வாரம் உடம்பைப் படுத்தும். காலையில் ரொட்டியில் தக்காளி தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றி ஒரு கடி, ஒரு காப்பி, அவ்வளவுதான் பசியாறல். மத்தியானச் சாப்பாடு இரண்டரை மணி, அதுதான் பெரிய சாப்பாடு. ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கு. ஜூலையில் கிட்டத்தட்ட பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், நேரம் போவதே தெரியாது. மாலை ஆறு மணிக்கு ஏதாவது கடித்துக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்கும் உண்டு. கேட்க வெட்கப்படாமல் வாங்கிச் சாப்பிடட்டும்.

மத்தியானம் வெயில் கொளுத்தும். நம் ஊர்ப் புழுக்கம் இருக்காது, வறண்ட அனல். உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் காயும். எங்கள் வீட்டம்மா காலை பத்து மணிக்கெல்லாம் வீட்டைச் சுற்றி வந்து, ஜன்னலுக்கு வெளியே இருக்கிற சுருள் பலகைத் திரையைக் கடகடவென்று இறக்கிவிடுவார். பெர்சியானா என்று பெயர். பகலிலேயே வீடு இருட்டாகிவிடும். முதல் நாள் நான் வெளிச்சத்துக்காக அதைத் தூக்கப் போனேன், "வெயில் உள்ளே வந்துவிடும் மகளே" என்று கையைப் பிடித்து நிறுத்தினார். சாயங்காலம் காற்று மாறியதும் எல்லாவற்றையும் திறந்துவிடுவார். ஊர் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ராத்திரி நன்றாகவே குளிரும். ஸ்பெயின் என்றால் வெயில் என்று எண்ணிப் பருத்திச் சட்டைகளை மட்டும் அடுக்காமல் ஒரு ஸ்வெட்டர் வைத்து அனுப்புங்கள்.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதை அவர்கள் விரும்ப மாட்டார்கள். நமக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போவது ரத்தத்தில் ஊறியது. அங்கே அந்த அம்மா என் காலைப் பார்த்ததும் பதறிப்போய் ஒரு ஜோடி துணிச் செருப்பைக் கொண்டுவந்து கீழே வைத்தார். தரை குளிர்ச்சி, சளி பிடிக்கும் என்பது அவர் எண்ணம். வீட்டுக்கென்று புதிதாக ஒரு செருப்பு வாங்கிக் கொடுத்துவிடுங்கள், இரண்டு பேர் மனசும் சமாதானமாகும். குளியலைச் சுருக்கமாக முடிக்க வேண்டும். பல வீடுகளில் வெந்நீருக்கு கேஸ் தோம்பு, தண்ணீருக்கும் காசு. சந்திக்கும்போது பெண்கள் கன்னத்தோடு கன்னம் இரு பக்கமும் ஒட்டி வரவேற்பார்கள், அதற்கும் மகளைத் தயார் செய்யுங்கள்.

இனி, எனக்கு முக்கியமாகப் படுவது. அந்த நாட்டில் சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போக மாட்டார்கள். தட்டெல்லாம் காலியான பிறகுதான் பேச்சே தொடங்கும். பழம் வெட்டி வைத்துக்கொண்டு, காப்பி குடித்துக்கொண்டு, அரை மணி, ஒரு மணி. கால்பந்து, பக்கத்து வீட்டுக்காரி, அரசாங்கம், அத்தை மகள் கல்யாணம் எல்லாம் அங்கே வரும். உங்கள் மகள் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். புரியாவிட்டாலும் உட்கார வேண்டும். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கைப்பேசியோடு படுத்துவிட்டால், வகுப்பில் எவ்வளவு இலக்கணம் படித்தாலும் வாய் திறக்காது. எனக்கு மொழி வந்தது அந்த மேசையிலும் அடுக்களையிலும்தான். பள்ளி அதற்கு ஒரு அடித்தளம் போட்டுக் கொடுத்தது.

அடுக்களை என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு நாள் அந்த அம்மா உருளைக்கிழங்கு தொர்தில்யா செய்தார். கிழங்கைக் காகிதம் போல அல்ல, சற்று முரட்டுத் துண்டாகச் சீவி, நிறைய ஆலிவ் எண்ணெயில் பொரியவிடாமல் மெதுவாக வேகவைத்தார். வெங்காயம் சேர்க்கலாமா வேண்டாமா என்று அந்த நாட்டில் பெரிய சண்டையே உண்டு, அவர் சேர்ப்பவர். எண்ணெயை வடித்துவிட்டு, அடித்த முட்டையில் கிழங்கைக் கொட்டிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சட்டியில் ஊற்றினார். அடிப்பக்கம் வெந்து இறுகியதும் சட்டி மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, ஒரே வீச்சில் திருப்பி, மறுபடி சட்டிக்குள் சரியவிட்டார். அடுத்த முறை என் கையில் தட்டைக் கொடுத்தார். "பயப்படாதே, திருப்பு" என்றார். அந்த ஒரு மாலையில் கற்ற வினைச்சொற்களை இன்றுவரை மறக்கவில்லை. பதிலுக்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி வைத்தேன். கறித்தூள் நான் கொண்டுபோனது. காரத்தைப் பாதியாகக் குறைத்தும் வீட்டுக்காரருக்குக் கண்ணில் தண்ணீர். ஆனாலும் ரொட்டியைத் தொட்டுச் சட்டியை வழித்துவிட்டார்.

ஆகஸ்டைப் பற்றியும் மாமியாரிடம் சொல்லுங்கள், அவர் மனசு இதில் இளகும் என்று நம்புகிறேன். ஆகஸ்ட் மாதம் நகரத்தில் பாதிக் கடை மூடிக் கிடக்கும், குடும்பங்கள் சொந்தக் கிராமத்துக்குப் போய்விடும். எங்கள் வீட்டம்மாவின் கிராமம் தெற்கே மலைப்பக்கம், லா ஆல்பெர்காவுக்கு அருகில். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆகஸ்ட் 15 மாதா திருநாள், நாடு முழுக்க விடுமுறை. லா ஆல்பெர்காவில் அன்று பெண்கள் பரம்பரை நகைகளைக் கழுத்திலிருந்து இடுப்பு வரை அணிந்து வருவார்கள், மாதா சிலையை வெளியே எடுத்து வந்து கும்பிடுவார்கள். மறுநாள் கோயில் முன்னால் லா லோவா என்று பழைய நாடகம் ஒன்று போடுவார்கள், தேவதூதரான சம்மனசும் பிசாசும் வரும். குளிர்காலத்தில் அந்தக் கிராமங்களில் கிழவன் கிழவிதான் இருப்பார்களாம். பிள்ளைகள் எல்லாம் மட்ரிட், பார்சலோனா என்று பிழைக்கப் போய்விட்டார்கள். திருநாளுக்கு மட்டும் பேரப்பிள்ளைகளோடு வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, திண்ணையில் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். தோட்டம் கைமாறி, லயம் இடிந்து, ஜனங்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போன பிறகும், மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் எல்லாரும் பழைய தோட்டத்துக்கு வந்து கூழ் ஊற்றுகிறோமே, அதேதான். அந்த வீட்டுப் பாட்டி என்னிடம் முதலில் கேட்டது, "உன் ஊர்ச் சாமிக்கு எப்போது திருவிழா?" என்றுதான். எனக்குத் தெரிந்த ஸ்பானியத்தில் காவடியைப் பற்றிச் சொன்னேன். கல்லுமலைக் கோயில் தைப்பூசப் படத்தைக் கைப்பேசியில் காட்டியதும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என் தட்டில் இன்னொரு கரண்டி பால்சோறு வைத்தார்.

உங்கள் மாமியாரை ஊர் பேர் தெரியாத வீடு என்று நினைக்க விடாதீர்கள். புறப்படுவதற்கு முன்பே அந்த வீட்டம்மாவோடு காணொளியில் பேச ஏற்பாடு செய்யுங்கள். மகள் மொழிபெயர்க்கட்டும். இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொண்டால் போதும்.

கூலிம்_தம்பி எழுதியது:

மேலே எழுதிய அக்காவுக்கு அருமையான குடும்பம் கிடைத்திருக்கிறது. எல்லாருக்கும் அப்படி அமையாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் வாலென்சியாவில் ஒரு வீட்டில் இருந்தேன். பெயருக்குக் குடும்பம். உண்மையில் நான்கு அறையிலும் நான்கு நாட்டு மாணவர்கள், வீட்டுக்காரம்மா ராத்திரி சாப்பாட்டைச் சூடு பண்ணி மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவார். எங்களுக்குள் ஆங்கிலம்தான் ஓடியது. இடைத்தரகர் அனுப்பிய படத்தில் இருந்த பால்கனி அறை எனக்குக் கிடைக்கவே இல்லை.

பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்: அதே நேரத்தில் வேறு எத்தனை மாணவர்கள் அந்த வீட்டில் இருப்பார்கள், வீட்டார் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்களா, இரண்டு வேளையா மூன்று வேளையா, அறைக் கதவுக்குப் பூட்டு உண்டா, பள்ளிக்கு நடந்து போக எவ்வளவு நேரம், துணி துவைப்பது யார். வீடு ஒத்துவராவிட்டால் வேறு வீட்டுக்கு மாற்றிக் கொடுப்பார்களா என்பதுதான் இதில் தலையானது. நான் பள்ளி அலுவலகத்தில் நேரில் போய்ச் சொன்னதும் இரண்டாவது மாதத்துக்கு வேறு வீடு கொடுத்தார்கள். வயதான தம்பதி, டிவி பார்த்துக்கொண்டே எனக்குச் செய்தி விளக்கம் சொல்வார்கள். எந்தக் கஷ்டமாக இருந்தாலும் முதல் வாரத்திலேயே பள்ளியில் சொல்லிவிடத் தைரியம் கொடுங்கள் அக்கா. நம் பிள்ளைகள் "பரவாயில்லை, பொறுத்துக்கொள்வோம்" என்று இருந்துவிடுவார்கள்.

ஒரு நல்ல செய்தி: நம் பிள்ளைகளுக்கு ஸ்பானிய உச்சரிப்பு சீக்கிரம் வரும். ர, ற, ஞ எல்லாம் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. என்னோடு படித்த ஆங்கிலேயர்கள் 'பெர்ரோ' என்று நாயைக் கூப்பிட மாதக்கணக்கில் பாடுபட்டார்கள்.

சிப்புட்_அம்மா எழுதியது:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. தங்கச்சி எழுதியதை மகள் தன் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். மாதா திருநாள் வந்த இடத்தில் "மறுபடி படி" என்றார். போகலாம் என்று இன்னும் வாயால் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை, "அந்தப் பொம்பளைக்கு என்ன கொடுத்து அனுப்பப்போகிறாய்?" என்று கேட்டார். அது எனக்குப் போதும். தம்பி சொன்ன கேள்விகளை மகள் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றியும் முழு வாக்கியமாக எழுதிவிட்டாள்.

என்ன கொடுத்து அனுப்பலாம்? முறுக்கு சுட்டுத் தரலாம் என்று இருக்கிறேன். அப்புறம், தினமும் எந்த நேரத்தில் கூப்பிட்டால் அவளுக்குத் தொந்தரவு இல்லாமல் இருக்கும்?

தோட்டத்துப்பேத்தி எழுதியது:

முறுக்கு நல்ல யோசனை அக்கா, காரம் போடாமல் ஓமமும் எள்ளும் போட்டுச் சுடுங்கள். நொறுங்காமல் இருக்க டின்னில் அடைத்து, இடைவெளியில் காகிதம் திணியுங்கள். வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது, அதனால் நெய் ஊற்றிய பலகாரமும் பால்பவுடர் கலந்த காப்பிப் பாக்கெட்டும் வேண்டாம். நீங்கள் தையல்காரர்தானே, பாத்தேக் துணியில் ஒரு மேசைவிரிப்பு தைத்துக் கொடுங்கள். எல்லாரும் கூடி உட்காரும் மேசைக்கு உங்கள் கையால் ஒன்று போகட்டும். அளவு கேட்டுத் தையுங்கள், அங்கே மேசைகள் பெரும்பாலும் நீளமானவை.

கோடையில் நமக்கும் அவர்களுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். நீங்கள் ராத்திரி பத்து மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) கூப்பிட்டால் அங்கே மாலை நான்கு. மத்தியானச் சாப்பாட்டுப் பேச்சு முடிந்து, ஊரே திரையை இறக்கிக்கொண்டு ஓய்வெடுக்கும் நேரம், அவளும் அறையில் சும்மாதான் இருப்பாள். அங்கே மூன்று மணியாக இருக்கும்போது, அதாவது நமக்கு ராத்திரி ஒன்பதுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள், மேசையில் இருப்பாள். நம் மூன்று முனைப் பிளக் அங்கே நுழையாது, இரண்டு உருண்டை முனை உள்ள மாற்றி ஒன்றை ஈப்போவிலேயே வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.